ஒன்றும் சொல்லப்படாத பெட்டி

குருவுக்கு முப்பத்து நான்கு வயது. சீடருக்கு ஐம்பத்தொன்று. எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான்.

குருவின் பெயர் எஸ்தர் ராணி. பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கும் எங்கள் சின்னக் கம்பெனியில், புரோகிராம் எழுதுகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் தலைமை. சீடர் மாசிலாமணி. கணக்கு வாத்தியாராக இருந்தவர். நாற்பத்தெட்டு வயதில் வேலையை விட்டுவிட்டு, புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்கிறேன் என்று வந்து உட்கார்ந்தார். அவர் இவரை மேடம் என்பார், இவர் அவரை சார் என்பார். கற்றுக்கொடுப்பது யார் என்று வெளியாட்களுக்குக் குழப்பமாக இருக்கும்.

அந்த வாரம் மாசிலாமணிக்கு மண்டை காய்ந்துவிட்டது.

ஓர் அறக்கட்டளைக்காக அவர் ஒரு தேர்வு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தார். பதினான்கு பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன் உட்காருவார்கள். காதில் ஓர் ஆங்கிலச் சொல் கேட்கும். திரையில் இருக்கும் பெட்டிக்குள் அதை எழுத்துப் பிசகாமல் தட்ட வேண்டும். மொத்தம் நாற்பது சொற்கள். முதல் ஆறு பேருக்கு விடுதியோடு கூடிய பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை இலவசப் படிப்பு.

தேர்வு முடிந்தது. ஆறு பேரும் இரண்டே பள்ளிகளிலிருந்து வந்தார்கள். ஆறு பேருக்கும் நாற்பதுக்கு நாற்பது.

ஏன் இப்படி என்று மாசிலாமணி நேரில் போய்ப் பார்த்தார். அந்த இரண்டு பள்ளிகளில் மட்டும் இந்த வருடம் புதுக் கம்ப்யூட்டர், புது ஆப்பரேட்டிங் சிஸ்டம். தப்பாகத் தட்டினால் சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு நெளிந்தது. கோடு மறையும் வரை பிள்ளைகள் மாற்றி மாற்றித் தட்டியிருக்கிறார்கள். மற்றப் பன்னிரண்டு பள்ளிகளில் இருந்தது பழைய சிஸ்டம். அங்கே எத்தனை தப்பு வந்தாலும் பெட்டி வாயே திறக்கவில்லை.

கேட்காமலேயே வந்து உதவி செய்கிற ஆட்கள் ஊரில் சிலர் உண்டு. அந்தக் குணம் இப்போது கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டது. சொல்வதை எழுதும் தேர்வில் விடையைக் காட்டிக்கொடுக்கிற பெட்டி! கேட்கிற நமக்கே வயிறு எரிகிறது.

மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றிலிருந்து தங்கபுஷ்பம் டீச்சர் இரண்டு நாளில் நான்கு முறை போன் செய்துவிட்டார்.

"எங்க இசக்கிசெல்வி முப்பத்தேழு வாங்கியிருக்கா சார். அதுவும் பத்தலையா? இங்க எட்டாவதோட சரி. அடுத்த பள்ளிக்கூடம் பதினோரு கிலோமீட்டர், பஸ்ஸும் கிடையாது. பிள்ளை எந்த இடத்துல தப்பு விட்டுச்சுன்னாவது சொல்லுங்க. அழுதுகிட்டே இருக்கு."

"பார்த்துச் சொல்றேன் டீச்சர்" என்று நான்கு முறையும் மாசிலாமணி போனை வைத்துவிட்டார். சிவப்புக் கோட்டு விஷயத்தைக் குருவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார்.

மூன்றாம் நாள் காலை குரு அவர் மேசைக்கு வந்தார்.

"சார், கோடு வராம பண்ணியாச்சா?"

"எங்க மேடம் பண்ண? ஒரு சிஸ்டத்துல சரி பண்ணினா இன்னொண்ணுல பல்லை இளிக்குது. அதான் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா எழுதியிருக்கேன்."

குரு திரையைப் பார்த்தார். இந்தச் சிஸ்டமாக இருந்தால் இப்படிச் செய், அந்தச் சிஸ்டமாக இருந்தால் அப்படிச் செய் என்று மூன்று பக்கத்துக்கு ஓடியது.

"ஏசப்பா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "அடுத்த வருஷம் இன்னொரு சிஸ்டம் வந்தா?"

"இன்னொரு பத்தி எழுதணும்."

"அதுக்கடுத்த வருஷம்?"

மாசிலாமணிக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன செய்யட்டும் மேடம்? கோடு போடுன்னு ஒரு வரியாவது எழுதியிருக்கேனா, தேடிப் பாருங்க. அதுவா போடுது. எவனோ சிஸ்டத்தை மாத்துவான், நான் மூணு நாளா உட்கார்ந்து அழணுமா? என் தப்பு எங்க இருக்கு? அதைக் காட்டுங்க."

குரு கைப்பேசியை எடுத்து, முகம் பார்க்கிற கேமராவைத் திறந்து, அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

அதில் மாசிலாமணியின் மீசை தெரிந்தது. தலை முழுக்க வெள்ளை, மீசை மட்டும் கன்னங்கரேல். திங்கட்கிழமையிலிருந்து அலுவலகமே அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தது.

"இது யார் செஞ்ச வேலை சார்?"

"அதை ஏன் கேக்கீங்க. எப்பவும் போற சலூன்தான். அதே நாற்காலி, அதே கண்ணாடி. கடை கைமாறிட்டு. புதுசா எடுத்தவர் மை அடிச்சு விட்டுட்டார்."

"அவர்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை. உட்கார்ந்ததும் கண் அசந்துட்டேன். பழைய ஆள்கிட்டயும் பத்து வருஷமா ஒண்ணும் சொன்னதில்லையே. அவர் பாட்டுக்கு..."

மாசிலாமணி பாதியில் நிறுத்தினார். மீசையைத் தடவினார்.

"பெட்டிகிட்ட என்ன சொன்னீங்க?" என்று குரு கேட்டார்.

மாசிலாமணி திரைப்பக்கம் திரும்பி, எழுதியிருந்த மூன்று பக்கத்தையும் அழித்தார். புரோகிராமில் பெட்டியை உருவாக்கும் இடத்துக்குப் போய் ஒரே ஒரு வரி சேர்த்தார். எழுத்துப் பிழை பார்க்காதே. அவ்வளவுதான். பழையது, புதியது என்று அலுவலகத்தில் இருந்த ஐந்து கம்ப்யூட்டரிலும் ஓட்டிப் பார்த்தார். ஐந்திலும் பெட்டி கம்மென்று இருந்தது. மூன்று நாள் எரிச்சல் ஒரு வரியில் தீர்ந்துபோனதில் அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"இனிமே பாருங்க மேடம். அடுத்த வருஷத் தேர்வுல ஒரு குறை வராது."

"இந்த வருஷத் தேர்வு?"

மாசிலாமணி மேசையைப் பார்த்தபடியே சொன்னார்.

"நாளைக்குப் பட்டியல்ல கையெழுத்துப் போடுறாங்க. ஆறு பிள்ளைங்களுக்கும் சீருடை தைக்கக் கொடுத்தாச்சாம்."

"ம்."

"இப்பப் போய்ச் சொன்னா மறுபடியும் தேர்வு வைக்கணும்பாங்க. தப்பு நம்ம பேர்ல விழும். அதுக்கப்புறம் நம்மளை வாசல்ல சேர்ப்பாங்களா?"

"மாட்டாங்க."

"நான் ஒண்ணும் பொய் சொல்லலையே மேடம். அறக்கட்டளையில யாரும் கேக்கலை. நானும் சொல்லலை."

மேசைமேல் அவருடைய போன் அடித்தது. தங்கபுஷ்பம் டீச்சர். ஐந்தாவது முறை. மாசிலாமணி கையை நீட்டினார், பாதியில் இழுத்துக்கொண்டு குருவைப் பார்த்தார்.

"எடுக்க வேண்டாம் சார்" என்றார் குரு. "நீங்க சொல்லாட்டி என்ன? தனக்குப் படிப்பு வரலைன்னு அந்தப் பிள்ளை தானாவே சொல்லிக்கிடும்."