சங்குகுளி நம்புவேலர் கண்ட தாய்

பாய்மடித்தீவில் சங்கு குளித்துப் பிழைத்தவர் நம்புவேலர். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, ஒற்றை மூச்சில் கடலடிக்குப் போய்ச் சங்கு பொறுக்கி வரும் வேலை. மூழ்கும்போது "தாயே" என்பார். மேலே வந்ததும் முதல் மூச்சிலேயே மறுபடி "தாயே" என்பார். அன்றன்று கிடைக்கும் முதல் சங்கு கோயிலுக்கு. கவிச்சி மணக்கும் உடம்பு என்று அவரை உள்ளே விடமாட்டார்கள். வாசற்படியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, மனம் நிறைந்து வீடு திரும்புவார்.

அந்த ஊருக்குக் கர்வம் கொஞ்சம் அதிகம். பஞ்ச காலத்தில் ஒன்பது குடிகள் ஒரே படகில் வந்தார்களாம். தீவை நெருங்கும்போது புயல் அடித்துப் படகில் தண்ணீர் ஏறியபோது நெல்லை வீசினார்கள், பானை சட்டிகளை வீசினார்கள். குலதெய்வமான கல் அம்மனை மட்டும் வீச மறுத்து, அவளோடு கரை சேர்ந்தார்கள். தீவில் யார் கால் வைத்தாலும், குடிக்கத் தண்ணீர் கொடுக்கும் முன்பே இந்தக் கதையைக் கொடுத்துவிடுவார்கள்.

ஒரு மாசி மாதத்தில் கடல் தெளிந்து கிடந்தது. மணலைத் துழாவிய நம்புவேலரின் கை ஒரு மூக்கில் பட்டது. பதறிப்போய்ப் பார்த்தார். பாசி மூடிய கல் முகம், சூலம் ஏந்திய கை, சாட்சாத் அம்மன்! மூக்கில் ரத்தம் வழிய மேலே வந்தவர், ஊரே மகிழும் என்று நம்பி, கரையெல்லாம் ஓடி ஓடிச் சொன்னார். வெள்ளை மனம்!

ஊர் திகைத்துப்போயிற்று. அம்மன் கடலில் கிடக்கிறாள் என்றால் கோயிலில் இருப்பது யார்?

"மூச்சுமுட்டி இவனுக்கு மூளை கலங்கிருச்சு" என்றார்கள். அவர் கயிற்றைப் பிடிக்க ஒருவரும் வரவில்லை. மனைவி இருளாயியே படகேறிக் கயிறு பிடித்தார். நம்புவேலரோ சங்கை மறந்தார். தினமும் மூழ்கி, அம்மன் கண்களில் ஒட்டியிருந்த சிப்பிகளை நகத்தால் சுரண்டி எடுத்தார். நகம் பிய்ந்தது, அவர் நிறுத்தவில்லை.

பங்குனித் திருவிழாவன்று ஊர்த்தலைவர் மங்களேசுவரன் அவரைக் கருவறை வரை இழுத்துவரச் செய்தார். வாழ்நாளெல்லாம் உள்ளே விடாதவர்கள், பொய் சொல்வதற்காக உள்ளே விட்டார்கள். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல!

"ஆத்தா மேல கைய வச்சு, கடல்ல ஒண்ணும் பாக்கலன்னு சத்தியம் பண்ணு. இல்லேன்னா பொழுது சாயறதுக்குள்ள பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுத் தீவ விட்டுப் போயிரு."

"பாத்த தாயப் பாக்கலன்னு எப்படிங்கய்யா சொல்லுவேன்? நாங்க போயிர்றோம்."

அவர் திரும்பியபோது பூசாரி காத்தபெருமாள் ஓவென்று அலறினார். "போகாதய்யா! பாவம் எங்களோடது!" அம்மனின் வெள்ளி முகக்கவசத்தைக் கழற்றினார். உள்ளே கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. கயிறு கோக்கத் துளை போட்ட நங்கூரக் கல்! புயலில் முன்னோர் அம்மனையும் கடலில் தள்ளிவிட்டு, வெட்கத்துக்கு அஞ்சிப் படகின் நங்கூரத்தை நிறுத்தி வைத்த கதையை, அப்பன் மகனுக்குச் சொல்லிச் சொல்லிப் பூசாரி குடும்பம் மறைத்து வந்திருந்தது.

மேளம் நின்றது. தலைவரின் தோளிலிருந்து துண்டு நழுவியது. அவர் அதை எடுக்கவில்லை. கும்பிட்ட கைகளை என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஊரே படகேறியது. பன்னிரண்டு பேர் வடம் கட்டி இழுத்தும் அம்மன் அசையவில்லை. "கோவமா இருக்கா" என்று தலைவர் முகத்தில் அறைந்துகொண்டு அழுதார். நம்புவேலர் "தாயே" என்று மூழ்கினார். நெடுநேரம் வரவில்லை. கயிற்றைப் பிடித்திருந்த இருளாயி மூச்சுவிட மறந்தார். பிறகு, பன்னிரண்டு பேருக்கும் அசையாத அம்மனைக் கைக்குழந்தையைப் போல் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் மேலே வந்தார். தொடவும் அஞ்சிப் படகுகளெல்லாம் விலகின.

"எங்கள மன்னிப்பாளா, நம்பு?" தலைவர் கைகூப்பிக் கேட்டார்.

"ஆத்தா பேசுனா, ஐயா. 'என்னை யாருமே தள்ளலடா. படகு பாரம் தாங்கல, புள்ளைக தவிச்சுச்சுக. நானேதான் எறங்கிக்கிட்டேன்'னா."

கல் பேசுமா என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. பொய்யுரைத்துத் தங்குவதைவிட மெய்யோடு வெளியேறத் துணிந்த அந்தப் பிய்ந்த நகக் கைகளை நாமும் கண்ணில் ஒற்றிக்கொள்வோம்.