மூன்றாவது சிலிண்டர்

போத்தனூரில் ரயில் பாதையை ஒட்டி ஒரு தகர ஷெட் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு வழி தெரியும், அவ்வளவுதான். அதை நடத்துபவர் லூர்துமேரி, வயது முப்பத்தெட்டு. அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவனுக்கு நாற்பத்தொன்பது. சிஷ்யன் குருவை 'மாஸ்டர்' என்பான். குரு சிஷ்யனை 'அண்ணா' என்பார். இரண்டு பேருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

சிஷ்யன் பெயர் தேவராஜ். இருபத்திரண்டு வருஷம் வெளிநாட்டில் இன்ஜினியராக இருந்துவிட்டுக் கோயம்புத்தூருக்கே திரும்பியவன். அவன் அப்பா ஓட்டிய, வண்டு போல முதுகு வளைந்த கார் பதினாலு வருஷமாகக் கொட்டகையில் கிடந்தது. இன்ஜின் பின்னால் இருக்கும் வண்டி. ரேடியேட்டர் கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, காற்றிலேயே சூடு ஆறும். வீட்டார் நாலு பேரும் சேர்ந்து, தங்கள் கையாலேயே அதை மறுபடி ஓட வைக்க வேண்டும் என்பது அவன் ஆசை.

லூர்துமேரி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"நான் ஸ்பானரத் தொட மாட்டனுங்ணா. கேட்டாச் சொல்லுவேன்."

தேவராஜும் ஒன்று வைத்தான், தன் வீட்டாருக்கு. ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஷெட்டில் வேலை ஆரம்பம். ஏழுக்கு மேல் கேட் பூட்டு.

மனைவி நிர்மலா வந்தாள். காலேஜ் படிக்கும் மகள் வர்ஷா கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தாள். தங்கை கோகிலா மட்டும் எந்த ஞாயிறும் எட்டே முக்காலுக்கு முன்னால் வந்ததில்லை. நிர்மலாதான் போய்க் கேட்டைத் திறந்துவிடுவாள்.

படுத்த படுக்கையாகிவிட்ட அம்மா கோகிலாவோடுதான் இருந்தார். அவரைக் குளிப்பாட்டி, உடுத்தி, இட்லியைப் பிசைந்து ஊட்டி, பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்கார்ந்த பிறகுதான் கோகிலாவால் பஸ் ஏற முடியும். இது தேவராஜுக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு வாரமும் கடிகாரத்தைப் பார்த்தான்.

கோகிலாவின் வேலை ஒன்றுதான். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, அம்மாவின் பழைய நூல் சேலைத் துண்டில் முடிந்து, எது எங்கிருந்து வந்தது என்று சீட்டு எழுதிப் பெட்டியில் வைப்பாள். வேண்டாம் என்று தூக்கிப் போட்டதையும் விட மாட்டாள்.

"குப்பைக்கும் சீட்டா?" என்று தேவராஜ் ஒருமுறை கேட்டான்.

"இருக்கட்டும்ண்ணா. என்ன, சோறா கேக்குது?"

பத்து மாதத்தில் இன்ஜின் உருவத்துக்கு வந்துவிட்டது. ஒரு ஞாயிறு தேவராஜ் அதைக் கையால் சுற்ற வைத்து, கடைசி அளவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். நாலு சிலிண்டருக்கும் முறை வைத்துப் பொறி அனுப்புவது டிஸ்ட்ரிபியூட்டர். ஒன்று, இரண்டு, நாலு ஆகிய மூன்றுக்கும் பொறி சரியான இடத்தில் விழுந்தது. மூன்றாவது சிலிண்டருக்கு மட்டும் நாலு டிகிரி தாமதம். மூன்று தடவை அளந்தான். மூன்று தடவையும் நாலு டிகிரி.

தேய்மானம் என்று முடிவு கட்டினான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாக்கு அளவில் நாலு முனையோடு ஒரு கேம் சுற்றும். பொறியின் நேரம் அந்த முனைகளில்தான் இருக்கிறது. பீளமேட்டில் அவனோடு படித்தவன் ஒருவன் பட்டறை வைத்திருந்தான். தலைமுடியைப் பத்தாக வகிர்ந்து அளக்கும் ஊர் அது. அடுத்த ஞாயிறுக்குள் நாலு முனையும் அச்சாக ஒன்றுபோல் இருக்கும் புது கேம் வந்துவிட்டது.

மாஸ்டர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அருமையான வேலைங்ணா."

"போடலாமா?"

"போட்டுப் பாருங்ணா."

பழையதைக் கழற்றித் தரையில் எறிந்துவிட்டுத் தேவராஜ் புதியதைப் பூட்டினான். நிமிர்ந்தபோது கோகிலா உள்ளே வந்துகொண்டிருந்தாள். மணி எட்டு ஐம்பது.

"கோகி, நாலு பேர் சேர்ந்து பண்ற வேலை இது. மூணு பேர் ஏழு மணிக்கு வர்றோம்" என்றான். "அடுத்த வாரம் வண்டிய ஸ்டார்ட் பண்றோம். ஏழுக்கு முடிஞ்சா வா. முடியலைன்னா இனிமே வர வேண்டாம்."

"என்னங்க நீங்க..." என்றாள் நிர்மலா.

"இன்ஜின்ல ஒண்ணு லேட்டா வந்தாலும் மொத்தமும் கெடும் நிர்மலா. வீடும் அப்படித்தான்."

கோகிலா குனிந்து தரையில் கிடந்ததை எடுத்தாள். கழுவினாள், துணியில் முடிந்தாள், சீட்டு எழுதினாள். பெட்டியை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, "சரிண்ணா" என்று சொல்லிப் போனாள்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை.

சரியாக ஏழு மணிக்குத் தேவராஜ் சாவியைத் திருப்பினான். இரண்டாவது திருப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை விழ, உள்ளே யாரோ தையல் மெஷினை மிதிப்பது போல ஒரு சத்தம். வர்ஷா கைதட்டினாள். அப்பா காலத்து அந்தச் சத்தத்தை அடையாளம் தெரிந்த கோகிலா அங்கே இல்லை என்பது தேவராஜுக்கு ஒரு நொடி உறைத்தது. கியரைப் போட்டு வெளியே எடுத்தான்.

பத்தாவது கிலோமீட்டரில் பின்னாலிருந்து டொக் டொக் என்று தட்ட ஆரம்பித்தது. காய்ந்த வாடையும் வந்தது. உருட்டிக்கொண்டு வராத குறையாகத் திரும்பி வந்தார்கள்.

மாஸ்டர் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"பொறி விழுற பிளக் நாலையும் கழட்டி வரிசையா வைங்ணா."

செய்தித்தாள் விரித்து வைத்தான். ஒன்று, இரண்டு, நாலு ஆகிய மூன்றும் காப்பிப்பொடி நிறம். மூன்றாவது மட்டும் சாம்பலாய் வெளுத்திருந்தது.

"வெந்திருக்குது" என்றார் மாஸ்டர்.

"எப்படி மாஸ்டர்? நாலுக்கும் ஒரே பெட்ரோல். ஒரே காத்து. இப்ப நேரமும் ஒண்ணுதான்."

"ஒரே காத்துங்களா?"

தேவராஜ் இன்ஜின் பக்கம் திரும்பினான்.

"ஃபேன் மூடியக் கழட்டிட்டு, இடது பக்கம் உள்ள கைய விடுங்ணா."

கழற்றினான். கையை விட்டான். விருட்டென்று வெளியே இழுத்து விரலை உதறினான்.

"என்னங்ணா அது?"

"ஆயில் கூலர்."

"அதுக்கு நேர் கீழ?"

அவன் எட்டிப் பார்த்தான். "மூணாவது."

"இன்ஜின்ல ஓடுற ஆயில் பூராவும் அங்க வந்துதான் ஆறுது. அத ஆத்தி முடிச்ச சூட்டுக் காத்துதான் மூணாவதுக்குப் போவுது. மத்ததுக்கெல்லாம் வெளிய இருந்து நேரா வர்ற பச்சக் காத்து."

தேவராஜ் மூன்றாவது பிளக்கைக் கையில் எடுத்தான்.

"அப்ப அந்த நாலு டிகிரி..."

"செஞ்சவங்க வெச்சதுங்ணா. தேஞ்சதில்ல. பொறி கொஞ்சம் பிந்தி விழுந்தா, கொஞ்சம் சூடு குறையும்."

எவனோ ஒருவன், ஏதோ ஒரு மேஜையில் குனிந்து உட்கார்ந்து, நாலு முனையில் ஒரு முனையை மட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவு தள்ளி வரைந்திருக்கிறான். கடைசியில் அத்தனை வண்டியிலும் மூன்றாவது சிலிண்டர் மற்ற மூன்றோடு சேர்ந்தே ஓடியிருக்கிறது. இத்தனை வருஷம் இன்ஜினியராக இருந்தும் அப்படி ஒரு கோடு தனக்கு வரைய வந்திருக்குமா என்று தேவராஜ் யோசித்தான்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மாஸ்டர்?"

"தெரியுமுங்க."

"சொல்லியிருக்கலாமே?"

"போடலாமான்னு கேட்டீங்க. ஏன் லேட்டாகுதுன்னு கேக்கலீங்களே."

ஒரு சரக்கு ரயில் போய் முடிந்தது.

"பழச எறிஞ்சுட்டேனே" என்றான் தேவராஜ்.

மாஸ்டர் முகவாயால் அலமாரியைக் காட்டினார். வர்ஷா பெட்டியை இறக்கினாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சின்ன முடிச்சு. சீட்டில் கோகிலாவின் கையெழுத்து: 'அண்ணன் வேண்டாம்னு போட்டது. இருக்கட்டும்.'

தேவராஜ் அதை எழுத்துக் கூட்டுவது போல மெதுவாகப் படித்தான். பிறகு பழைய கேமை எடுத்துத் துடைத்து, தானே பூட்டினான். பூட்டி முடித்ததும் கேட்டான்.

"அந்தக் கூலரையே வேற இடத்துக்கு நகத்தியிருந்தா இந்த வம்பே இல்லையே மாஸ்டர்?"

"பின்னால வந்த வண்டியில நகத்திட்டாங்ணா."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நேரங்குடுத்தாங்க."

சனிக்கிழமை சாயங்காலம் தேவராஜ் தங்கைக்குப் போன் செய்தான்.

"கோகி, நாளைக்கு ஏழு மணிக்கு ஷெட்டுல இரு. நீதான் ஸ்டார்ட் பண்ற."

"அம்மாவ யாரு பாக்கறது?"

"அஞ்சரைக்கு நான் வந்தர்றேன்."

மறுமுனையில் சிரிப்பு. "உனக்கு அம்மாவத் தூக்கவே தெரியாதேண்ணா."

"சொல்லிக் குடு."

ஞாயிறு விடியலில் கோகிலா சொல்லிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டாள். முதல் வாய் இட்லியை அம்மா துப்பினார். "கோகி எங்க?" என்றார். இரண்டாவது வாயையும் துப்பினார். மூன்றாவதை வாயில் வைத்துக்கொண்டு மகனையே வெகுநேரம் பார்த்தார். அப்புறம் விழுங்கினார்.

பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்கார்ந்த பிறகு தேவராஜ் கிளம்பினான். ஷெட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி எட்டு ஐம்பத்தைந்து. சட்டை முன்பக்கம் முழுக்க ஈரம். கைவிரலில் பவுடர் வாசனை. கேட் பூட்டியிருந்தது.

"ஏழுக்கு மேல பூட்டுப்பா. ரூல்ஸ்" என்றாள் வர்ஷா உள்ளிருந்து.

"திறடி, பாவம்" என்றாள் நிர்மலா.

வண்டி முற்றத்தில் நின்றது. சக்கரத்தில் புதுப் புழுதி. எங்கேயோ தூரமாகப் போய் வந்திருக்கிறது. கோகிலா கைகளில் கரியோடு பம்பரில் உட்கார்ந்திருந்தாள்.

"தட்டவே இல்லண்ணா" என்றாள். "அம்மா சாப்பிட்டாங்களா?"

"ஒன்றரை இட்லி."

தேவராஜ் மாஸ்டர் பக்கம் திரும்பினான்.

"லேட்டாயிடுச்சு மாஸ்டர்."

மாஸ்டர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவர் காலடியில் செய்தித்தாள் விரித்திருந்தது. அதன்மேல், கோகிலா கழற்றி வைத்த நாலு பிளக்குகள், வரிசை கலைந்து.

"இதுல மூணாவது எதுன்னு சொல்லுங்ணா பாக்கலாம்."

தேவராஜ் குந்தி உட்கார்ந்தான். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். காப்பிப்பொடி நிறம். காப்பிப்பொடி நிறம். மறுபடி முதலிலிருந்து பார்த்தான்.

"தெரியல மாஸ்டர்" என்று சிரித்தான். "நாலும் ஒரே நிறம்."