தாத்தாவின் தலைப்பாகை

கேளுங்கள், சொல்கிறேன். மழையே வழி மறந்துபோன ஒரு பாலை நாட்டை முன்னொரு காலத்தில் வீரகேது என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கண்ணில் பட்டதெல்லாம் அரண்மனைக்கு வந்துவிட வேண்டும் அவனுக்கு.

பாலையின் நடுவே தன்னந்தனியாக ஒரு குன்று நின்றது. உச்சியில் தட்டையான கருங்கல். அதன் அடியில் முழுக்க எளிதில் உதிரும் செம்பாறை. ஒரு காலத்தில் நாடு முழுவதுமே அவ்வளவு உயரமாம். காற்றும் மழையும் மற்றதையெல்லாம் அரித்துத் தின்ன, கருங்கல்லுக்கு அடியில் இருந்தது மட்டும் தப்பியது. மக்கள் அந்தக் குன்றைத் தாத்தா என்றார்கள். கருங்கல் அவருடைய தலைப்பாகை. செம்மணலில் வழி தவறியவர்களுக்குத் தூரத்திலிருந்து தெரிவது அந்தக் கறுப்பு ஒன்றுதான்.

அந்தக் கல்லை முற்றத்தில் பதிக்க ஆசைப்பட்டான் அரசன்.

"தலப்பாவக் கழட்டினா தாத்தா எப்பவோ பெய்யற மழைக்கும் தாங்க மாட்டாரு மகாராசா, கரைஞ்சிருவாரு" என்றாள் கல்தச்சர் தலைவி காரி.

"நான் மகளை அழைத்து வருவதற்குள் கல் இறங்கியிருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

தாய்மாமன் வீட்டிலிருந்து மகள் முகிலியோடு திரும்பும்போது மணற்புயல் பிடித்துக்கொண்டது. கிழக்கே போனான், மணல். தெற்கே போனான், மணல். மேற்கே போனான், அங்கும் மணல். தண்ணீர்ப் பை வற்றியது.

"அப்பா, தாத்தா எங்கே?" என்றாள் முகிலி, உதடு வெடித்து.

வழிகாட்டும் தலைப்பாகையை இறக்கச் சொன்னவனே அரசன்தானே. குழந்தையை அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான்.

புழுதி அடங்கியது. தொலைவில், கறுப்பாக, தலைப்பாகை! அரசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

குன்றின் அடியில் காரியின் ஆட்கள் முகிலிக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். உளிகள் மூட்டை அவிழ்க்காமல் கிடந்தன.

"தாத்தாகிட்ட உத்தரவு கேக்காம உளி வைக்கிற வழக்கம் இல்லீங்க" என்றாள் காரி. "'எடுக்கலாமா?'ன்னு கூவினோம். அவரும் 'எடுக்கலாமா?'ன்னு எங்களையே கேட்டாரு. மூணு நாளும் கேட்டோம், மூணு நாளும் அதே கேள்விதான். பெரியவருக்குப் பதில் சொல்லாம எப்படி மகாராசா கை வைக்கிறது?"

அரசன் சிரித்தான், கண்ணீர் மட்டும் நிற்கவில்லை. தன் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, குன்றைப் பார்த்துக் கூவினான்:

"வேண்டாம்!"

"வேண்டாம்!" என்றார் தாத்தா.

ஆகவே பெரியோரே, பிள்ளைகளே, ஒன்றை எடுக்க ஆசைப்படும் முன், அது இருக்கும் இடத்தில் யாரையெல்லாம் காக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.