நாரைக் கல்

“ஏழாவது ஆளாக என்னைச் சேர்த்துக்கொள்” என்றார் ஃபோல்க்மார் பிரபு.

ஊட்ஸ் முட்டைக்கோஸ் பாத்தியிலிருந்து நிமிரவில்லை.

“பிரபுவுக்கு வழி தவறிவிட்டதா? இது என் கொல்லை. உங்கள் கோட்டை அந்தப் பக்கம்.”

“பார்ட்டல் செத்து நாலு மாதம் ஆகிறது. நீங்கள் ஆறு பேர்தான் மிச்சம். ஆறு பேர் சேர்ந்து எல்லைக்கல் நடக் கூடாது என்பது உங்கள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை கல் நட்டாக வேண்டும்.”

“வழக்கமெல்லாம் பிரபுவுக்கு நன்றாகத் தெரிகிறது.”

“தெரியாதது ஒன்று இருக்கிறது.”

“அதற்குத்தான் வந்தீர்களா?”

பிரபுவுக்கு வயது ஐம்பத்தாறு. ஒரு குடியானவனின் கொல்லையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது இதுவே முதல் தடவை.

*

ஜெர்மன் நாட்டு மலைகளுக்கு நடுவே இருந்தது லோர்ன்பெர்க். கோழி கூவும்போது ஒரு ஓரத்தில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு மறு ஓரம் போய்விடலாம். அதற்கும் ஒரு பிரபு, ஒரு கோட்டை, கொடியில் ஒரு நாரை.

அந்த நாட்டில் பிரபுவுக்குத் தெரியாத ரகசியம் ஒன்று ஏழு குடியானவர்களிடம் இருந்தது.

எல்லைக்கல் நடுவது அவர்கள்தான். குழி வெட்டியதும் பிரபுக்களைத் தள்ளிப்போய் முதுகைக் காட்டி நிற்கச் சொல்வார்கள். பிறகு குழியின் அடியில் எதையோ வைத்து, மண் போட்டு மூடி, அதன்மேல் கல்லை நிறுத்துவார்கள். சுட்ட மண்ணில் செய்த அடையாளம் என்பார்கள் சிலர். கண்ணாடித் துண்டு என்பார்கள் சிலர். கல் நகர்ந்தாலும் அடியில் இருப்பது நகராது. எது, எத்தனை, எந்த வாக்கில் என்பது ஏழு பேருக்கு மட்டும் தெரியும். சாகிறவன் அதைத் தன் மகனுக்குக்கூடச் சொல்ல மாட்டான்.

ஃபோல்க்மாரும் ஒரு தடவை அப்படி முதுகைக் காட்டி நின்றிருக்கிறார். பக்கத்தில் தம்பி எபர்ஹார்ட் தோளோடு தோள் உரசி நின்றான். அப்பா ஹார்ட்மன் இறந்து, நாட்டை இருவரும் பிரித்துக்கொண்ட நாள் அது. “பின்னால் கோழி முட்டை வைக்கிறார்களோ?” என்று தம்பி காதில் சொன்னான். இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

அடுத்த மாதம், மூடுபனி இறங்கிய ஒரு காலையில், ஃபோல்க்மார் ஒரு ஜோடி எருதுகளோடு தனியாகப் போய் அந்தக் கல்லைப் பெயர்த்து எழுபது தப்படி தள்ளி நட்டார். தம்பி பக்கம் இருந்த ஊற்று அவர் பக்கம் வந்துவிட்டது. தம்பி நிலத்து ஓடைக்குப் போன ஊற்றுநீரைத் தன் மீன்குளத்துக்குத் திருப்பிக்கொண்டார்.

கல்லைப் பெயர்த்தபோது குழியில் எட்டிப் பார்த்தார். வெறும் மண்தான் தெரிந்தது. ஏழு பேரும் ஊரை ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். இன்னும் ஒரு முழம் தோண்டிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

பிறகுதான் தோன்றியது. இருபத்தெட்டு வருஷமாகத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

இப்போது அவருடைய பங்கை மகன்கள் ஓட்டோவும் லாம்பர்ட்டும் பிரித்துக்கொள்ளப் போகிறார்கள். புதிய எல்லை அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கும். ஞாயிறன்று இருவரும் அதன்மேல் கை வைத்து, ‘இந்தக் கல் நட்ட இடத்தில் நிற்கிறது’ என்று ஊருக்கு முன்னால் சத்தியம் செய்வார்கள்.

கல் நகர்ந்தது மிச்சமிருக்கும் ஆறு பேருக்குத் தெரியுமா, தெரியாதா? அதற்குள் அவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

*

ஊட்ஸ் எழுந்தான். பிரபுவைவிடப் பத்து வயது சின்னவன். இடது கால் கொஞ்சம் இழுக்கும்.

“புது ஆள் என்ன செய்ய வேண்டும் தெரியுமா?”

“சொல்.”

“நடப்போகும் கல்லைக் குவாரியிலிருந்து முதுகில் சுமந்து வர வேண்டும். பழைய கல் ஒவ்வொன்றிடமும் நின்று அது யாருடையது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இறக்கி வைக்கக் கூடாது. வேறு ஆள் கை கொடுக்கக் கூடாது.”

“சரி.”

“கல் நல்ல கடா ஆட்டுக் கனம் இருக்கும்.”

“சரி என்றேன்.”

“அப்புறமும் சேர்த்துக்கொள்வோம் என்று நான் சொல்லவில்லை.”

பிரபு தொப்பியை வேலிக்கம்பில் மாட்டினார்.

*

மரச்சட்டத்தில் கட்டிய கல் முதுகில் ஏறியதும் பிரபுவின் முழங்கால் மடங்கியது. நிமிர்ந்துகொண்டார்.

மலைச்சரிவில் ஊட்ஸ் நின்று தூரத்தைக் காட்டினான்.

“அதோ, நீலமாகத் தெரியும் மலை. அங்கேதான் முதல் கல். உங்கள் முதல் பாட்டனார் டீட்ரிச் நட்டது. அவர் நாட்டைக் கடக்க மூன்று நாள் ஆகுமாம். அவருக்கு மூன்று பிள்ளைகள்.”

“அந்தக் கல் இன்னும் இருக்கிறதா?”

“இருக்கிறது. ஆயருடைய ஆட்டுக்கொட்டகைக்குப் படிக்கல்லாக.”

பிரபு முறைத்தார்.

“ஆடுகள் மரியாதையாகத்தான் மிதிக்கின்றன” என்றான் ஊட்ஸ்.

*

அடுத்த கல் ஒரு வீட்டுச் சுவருக்குள் பாதி புதைந்து நின்றது. இருபுறமும் நாரை, ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு. லோர்ன்பெர்க்கில் அண்ணன் தம்பி பிரித்துக்கொண்ட கல்லுக்கு அதுதான் அடையாளம்.

“இது உங்கள் தாத்தா புர்க்ஹார்டும் அவர் தம்பியும். கயிறு பிடித்துக் கோடு போட்டபோது வீடு நடுவில் வந்துவிட்டது. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அடுப்பு அண்ணன் நாடு. கட்டில் தம்பி நாடு.”

“கேள்விப்பட்டிருக்கிறேன்.”

“ரெண்டு பேருக்கும் சண்டை வந்து எல்லையை மூடினார்களே, அதைக் கேள்விப்பட்டீர்களா? வீட்டுக்காரர் கட்டிலில் மாட்டிக்கொண்டார். பெண்டாட்டி அடுப்படியில். ஒரு மாதம் அவள் கஞ்சியைக் கோட்டுக்கு மேலே எறிந்தாள்.”

பிரபுவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கல் ஆடியது. நிறுத்திக்கொண்டார்.

“கஞ்சியை எப்படி எறிவது?” என்று கொஞ்ச தூரம் போனபின் கேட்டார்.

“அதனால்தான் சண்டை ஒரு மாதத்தில் முடிந்தது. மூன்று நாள் நாடு அதற்குள் ஒரு நாள் நாடாகிவிட்டிருந்தது.”

*

மூன்றாவது கல் ஒரு குட்டைக்கு நடுவே தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

“உங்கள் அப்பாவும் பெரியப்பாவும்.”

“தெரியும். விலாங்கு மீனுக்காக.”

“விலாங்குகளுக்குத்தான் தெரியாது. இந்தக் கரையில் சாப்பிட்டு அந்தக் கரையில் தூங்கின.”

சட்டத்தின் கயிறு பிரபுவின் தோளை அறுத்திருந்தது. சட்டையில் ரத்தம் கசிந்தது. ஊட்ஸ் அதைப் பார்த்தான்.

பிரபு குட்டையையே பார்த்தபடி கேட்டார். எத்தனையோ வருஷமாக நாக்கில் வைத்திருந்த கேள்வி சாதாரணமாகத்தான் வெளியே வந்தது.

“ஒரு கல் நகர்ந்தால் உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எத்தனை நாளில்?”

“வருஷா வருஷம் எல்லாக் கல்லையும் சுற்றிப் பார்க்கிறோம்.”

“தெரிந்தால் சொல்வீர்களா?”

“கேட்டால் சொல்வோம்.”

“யார் கேட்டால்?”

“கல்லுக்கு இந்தப் பக்கத்துக்காரரும் அந்தப் பக்கத்துக்காரரும் சேர்ந்து வந்து கேட்டால். ஒருவர் மட்டும் வந்தால் வாயைத் திறக்க மாட்டோம். ஒருத்தர் காதில் மட்டும் சொல்லும் உண்மையை வைத்து ஊரைக் கொளுத்திவிடுவார்கள். பாட்டன் காலத்துச் சத்தியம் அது.”

“யாராவது தனியாக வந்ததுண்டா?”

ஊட்ஸ் கரையோரமாக நடந்தான்.

“உங்கள் தம்பி வந்தார்.”

பிரபு நின்றுவிட்டார்.

“வருஷா வருஷம் அறுவடை முடிந்ததும் வருவார். பதினோரு வருஷம், சாகிற வரைக்கும். ‘ஊற்று என் பக்கம்தானே இருந்தது, ஊட்ஸ்?’ என்பார். ‘அண்ணனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பிரபு’ என்போம்.”

“என்னிடம் அவன் வரவே இல்லை.”

“வந்ததாகத்தான் சொன்னார். ‘பிரபு வேட்டைக்குப் போயிருக்கிறார்’ என்று உங்கள் வாசலில் சொன்னார்களாம்.”

குட்டையில் ஏதோ ஒரு மீன் புரண்டது.

அந்தப் பதினோரு வருஷமும் அறுவடை முடிந்த வாரம் பிரபு வேட்டைக்குப் போனதில்லை. மேல்மாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். குதிரைக் குளம்புச் சத்தம் வந்து, நின்று, திரும்பிப் போவது அங்கே நன்றாகக் கேட்கும்.

“கல்லை மாற்றிக் கட்டட்டுமா? ஒரு பக்கம் சாய்கிறது” என்றான் ஊட்ஸ்.

“கை கொடுக்கக் கூடாது என்றாயே.”

“ஆமாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று பார்த்தேன்.”

“நட” என்றார் பிரபு.

*

சாயங்கால வெயிலில் பீச் மரக்காட்டின் ஓரத்தில் அந்தக் கல் நின்றது. இருபுறமும் நாரை. பாசி பிடித்து, பிறந்ததிலிருந்து அங்கேயே நிற்பதைப்போல.

கல்லுக்குப் பின்னால் ஊற்றின் சலசலப்பு.

“வந்துவிட்டோம்” என்றான் ஊட்ஸ். “இதற்குப் பக்கத்தில்தான் புதுக்கல். இறக்கி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வரட்டும்.”

பிரபு கல்லைப் பார்த்தார்.

ஓட்டோவின் கை பெரியது. நாரையை முழுவதும் மூடிவிடும். லாம்பர்ட் எப்போதும் விரல்களை விரித்து வைப்பான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இருவரும் அப்பாவைப் பார்த்துக்கொண்டே சத்தியத்தைச் சொல்வார்கள். அவரை நம்பித்தான் சொல்வார்கள்.

ஆறு பேரும் பேச மாட்டார்கள். அவர் தெரிந்துகொள்ள வந்தது தெரிந்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. குனிந்து கயிற்றை அவிழ்த்தால் போதும்.

அவர் குனியவில்லை.

கல்லைத் தாண்டி நடந்தார்.

“பிரபு, கல் இங்கே இருக்கிறது.”

“தெரியும்.”

காட்டுக்குள் நுழைந்தார். கிளைகள் முகத்தில் அடித்தன. வாய் மட்டும் நிற்காமல் எண்ணியது. நாற்பது. நாற்பத்தொன்று. ஒருமுறை வேர் தடுக்கி முழங்காலில் விழுந்தார். கல் பிடரியில் இடித்தது. எழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே எண்ணினார்.

அறுபத்தெட்டு. அறுபத்தொன்பது.

இருபத்தெட்டு வருஷக் காடு. இடம் அடையாளம் தெரியாது, மரம் முளைத்து மூடியிருக்கும் என்றுதான் நினைத்திருந்தார்.

அங்கே மரமில்லை.

நெருக்கமான பீச் மரங்களுக்கு நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு வட்டமாகத் திறந்த தரை. சுற்றிலும் கன்றுகளும் முள்ளும் மண்டிக் கிடந்தன. வட்டத்துக்குள் ஒரு வேர்கூட நுழையவில்லை. இளசான களை மட்டும் விரல் உயரத்துக்கு முளைத்திருந்தது.

பிரபு வட்டத்தின் ஓரத்தில் நின்றார்.

“இதை யார் செய்வது?”

ஊட்ஸ் காலை இழுத்தபடி வந்து ஒரு மரத்தில் சாய்ந்தான்.

“நாங்கள்தான். வருஷத்துக்கு ஒருவர், முறை போட்டு. வசந்தத்தில் வந்து சுத்தம் செய்துவிட்டுப் போவோம்.”

“எதற்கு?”

“கல் திரும்பி வந்தால் இடம் வேண்டாமா?”

“களை முளைத்திருக்கிறதே.”

“இந்த வருஷம் பார்ட்டல் முறை.”

பிரபு கயிற்றை அவிழ்த்தார். கல்லை வட்டத்தின் ஓரத்தில் இறக்கினார். முதுகு நிமிர மறுத்தது. அப்படியே மண்டியிட்டு முதல் களையைப் பிடுங்கினார். பிறகு அடுத்தது. ஊட்ஸ் பார்த்துக்கொண்டு நின்றான்.

வட்டம் பாதி சுத்தமானபோது பிரபு தலையைத் தூக்காமல் சொன்னார்.

“தம்பி மனைவிக்கு ஆள் அனுப்பு. ரெண்டு பக்கமும் சேர்ந்து வந்து கேட்க வேண்டும் என்றாயே. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் கேட்டுவிட வேண்டும்.”

“ஆள் அனுப்பலாம்” என்றான் ஊட்ஸ். “அந்த அம்மா வேட்டைக்குப் போயிருப்பதாக வாசலில் சொல்வார்கள்.”

பிரபுவின் கை நின்றது.

கடைசிக் களை வரை பிடுங்கி முடித்தார். மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கையிலிருந்த மண்ணைத் தட்டவில்லை. மரங்களுக்கு அப்பால், பல வருஷமாகத் திரும்பிப் பார்க்காத திசையைப் பார்த்தார்.

“சின்ன வயதில் நானும் அவனும் ஓடையைத் தாண்டப் பலகைப் பாலம் ஒன்று இருந்தது. இன்னும் இருக்கிறதா?”

“பாலம் எதற்கு, பிரபு? அந்த ஓடையில் தண்ணீர் ஓடி இருபத்தெட்டு வருஷம் ஆகிறது.”