வலப்பக்கம் வாசல்

ஒரு கண்மாய்க் கரையில், கருவேல மரத்தடியில், வெள்ளெலிகள் வளை தோண்டி வாழ்ந்துவந்தன. அவற்றுள் மணலி என்றொரு தாய் வெள்ளெலி இருந்தாள். தூங்கப் போகும்முன் தரையில் மூக்கை வைத்து, "மண்ணுத் தாயே, இன்னிக்கும் எங்களை மூடிக் காப்பாத்து" என்று வேண்டிக்கொண்டுதான் கண்ணை மூடுவாள்.

அந்த வெள்ளெலிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வளைக்குள் வழி இரண்டாகப் பிரியும் இடத்தைக் கவை என்பார்கள். உள்ளறையிலிருந்து ஓடி வரும்போது, எந்தக் கவையிலும் வலப்பக்கம் திரும்பினால் வாசல். இடப்பக்கம் திரும்பினால் தானிய அறை. வாசலை மெல்லிய மண்ணால் அடைத்து வைத்திருப்பார்கள். மூக்கால் ஒரு முட்டு முட்டினால் போதும், பொலபொலவென்று உதிர்ந்து வானம் தெரியும்.

இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. குட்டிகள் தாயின் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடி ஓடி, அது காலுக்கே பழகிப்போயிருந்தது.

முன்பு ஒரு கோடையில் சாரைப்பாம்பு உள்ளே புகுந்துவிட்டது. மணலி கடைக்குட்டியை வாயில் கவ்விக்கொண்டு ஓடினாள். மற்ற குட்டிகள் வால் பிடித்து வந்தன. இருட்டில் கண்ணைத் திறந்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான். வலம், வலம், வலம். வானம் வந்துவிட்டது. வாயில் இருந்த குட்டியின் பால் வாசனை அன்று முழுக்கப் போகவில்லை.

அந்தக் குட்டிகளெல்லாம் வளர்ந்து ஆளுக்கொரு வரப்புக்குப் போய்விட்டன. ஆனாலும் சில நேரம் வளைக்குள் நடக்கும்போது, மணலிக்கு வால் நுனியில் யாரோ பிடித்து இழுப்பது போலவே இருக்கும். திரும்பிப் பார்ப்பாள். யாரும் இருக்க மாட்டார்கள்.

அந்தக் கடைக்குட்டியின் பெயர் தவிட்டி. அவள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்த சமயம் பார்த்து, ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பழைய வளை இடிந்து விழுந்தது. முன்வாசலை ஒட்டி ஒரே ஒரு கவை மட்டும் மிஞ்சியது.

"பிள்ளை பெறப் போற உன்னை எங்கேடி படுக்க வைப்பேன்?" என்று மணலி தவித்தாள்.

அப்போதுதான் குடையன் வந்தான். அவன் ஒரு பெருச்சாளி.

"கோயில் மதில், நெல் குடோன், ரைஸ் மில்லு, ரயில்வே கேட்டு, நான் தோண்டாத இடமில்லை ஆத்தா. எங்க வம்சம் பிள்ளையாரையே சுமந்த வம்சம்."

"அது மூஞ்சூறு இல்லையா அண்ணே?" என்றாள் தவிட்டி.

"படத்துல சின்னதா வரைஞ்சுட்டாங்க தங்கச்சி."

அவனிடம் ஒரு குறைதான் உண்டு. பழைய வேலையெல்லாம் நினைவிருக்கும்; ஆனால் தூங்கி எழுந்தால் முந்தைய நாள் நடந்தது சுத்தமாக மறந்துபோகும். அதை அவனே ஒளிக்காமல் சொன்னான். மற்றபடி, கேட்டால் முடியாது என்ற பேச்சே அவன் வாயில் வராது.

பொழுது சாய்வதற்குள் வளை தயார். சுவரெல்லாம் வழவழவென்று இருந்தது. பக்கத்து வளைக்காரர்கள் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

தவிட்டிக்குப் பசி. உள்ளறையிலிருந்து கிளம்பி, கவையில் இடப்பக்கம் திரும்பினாள். தானிய அறை வரவில்லை. நேரே வெளியே போய் ஒரு கொக்கின் காலடியில் தலையை நீட்டினாள். கொக்கு திடுக்கிட்டுப் பறந்ததால் தப்பித்தாள். அடுத்த கவையில் வலப்பக்கம் திரும்பினால் முட்டுச் சுவர். அதற்கடுத்ததில் வழி மூன்றாகப் பிரிந்தது.

"என்னப்பா இது?" என்றாள் மணலி.

"முதல் கவை நெல் குடோன் மாதிரி ஆத்தா. ரெண்டாவது கோயில் மாதிரி. மூணாவது ரைஸ் மில்லு மாதிரி. எல்லாமே நல்ல மாதிரிதான்."

"எங்க வழக்கப்படி இல்லையே!"

"எந்த வழக்கம்?"

"அதான், எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"எனக்குத் தெரியாதே ஆத்தா. வளை வேணும்னீங்க. வளை இருக்கு."

இத்தனை வருஷமும் அந்த வழக்கத்தை மணலி ஓடியிருக்கிறாளே தவிர, ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை.

மறுநாள் குடையனை மறுபடி கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. மண்ணை எந்தப் பக்கம் தள்ள வேண்டும், கம்பை எங்கே வைக்க வேண்டும், சோளத்தை ஏன் கம்போடு சேர்க்கக் கூடாது, நாத்தனார் வந்தால் எங்கே படுப்பாள், அவள் போன தடவை வந்தபோது என்ன சொன்னாள், நடுவே வாசலைப் பற்றி ஒரு வார்த்தை, பிறகு மறுபடியும் நாத்தனார். குடையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

அன்று தோண்டிய வளையில் சோளமும் கம்பும் சேரவே முடியாது. நாத்தனாருக்கு நல்ல காற்றோட்டமான அறை இருந்தது. வாசல்தான் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

"ஏம்மா, நீ ராமாயணம் மாதிரி சொன்னா அண்ணனுக்கு எது முக்கியம்னு எப்படித் தெரியும்?" என்று தவிட்டி சிரித்தாள். "நான் சொல்றேன். வலப்பக்கம் வாசல், இடப்பக்கம் தானியம். எல்லாக் கவையிலயும் அப்படித்தான். பாம்பு வந்தா யோசிக்க நேரம் இருக்காது, அதுக்காகத்தான்."

"இவ்வளவுதானா? இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று குடையன் உள்ளே போனான்.

வேலை முடிந்ததும் தவிட்டி பெரிய வயிற்றோடு உள்ளறையில் போய் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு ஓடினாள். கவையில் வலப்பக்கம் திரும்பினாள். மூக்கு கம்புக் குவியலில் போய்க் குத்தியது.

"அண்ணே! வலப்பக்கம்னு சொன்னேனே?"

"வலப்பக்கம்தான் வச்சிருக்கேன் தங்கச்சி. வேணும்னா வந்து பாரு."

குடையன் முன்வாசலில் நின்று உள்ளே பார்த்துக் காட்டினான். அவன் சொன்னது சரிதான். அவன் வெளியிலிருந்து உள்ளே தோண்டிப் போகிறவன். அவர்கள் உள்ளேயிருந்து வெளியே ஓடி வருகிறவர்கள். அவனுடைய வலம் அவர்களுக்கு இடம்.

"வா அப்பு" என்று மணலி, மிஞ்சிய பழைய கவைக்கு அவனைக் கூட்டிப் போனாள். "உள்ளே போய் எங்களை மாதிரி படு. கண்ணை மூடு. பாம்பு வந்துடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு வெளியே ஓடு."

குடையன் படுத்தான், ஓடினான், வலப்பக்கம் திரும்பினான். மண் உதிர்ந்தது. முகமெல்லாம் வெளிச்சம்.

"அட!" என்றான். "இப்படிக் காட்டியிருந்தா முதல்லயே முடிச்சிருப்பேனே ஆத்தா."

மணலியின் மீசை அந்தப் பழைய சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. குட்டிகள் உரசி உரசி ஓடியதில் சுவர் ஒரு பக்கம் மழமழவென்று தேய்ந்திருந்தது. கீழ்ப்பக்கம் மட்டும்தான். அவ்வளவு உயரம்தான் அப்போது அவர்கள் இருந்தார்கள்.

அந்தக் கவையை இடிக்க வேண்டாம் என்று முடிவானது. அதையே புது வளைக்கு முன்வாசலாக வைத்தார்கள். நாளைக்கு மறந்துபோகிறவன்தானே குடையன்? அதனால் தினமும் வேலை தொடங்கும்முன் அவன் அந்தக் கவையில் கண்ணை மூடி ஓட வேண்டும். வேலை முடிந்ததும், தோண்டிய வழியிலும் அப்படியே ஓடிப் பார்க்க வேண்டும். பிறகு தவிட்டி ஒரு தடவை ஓடிப் பார்ப்பாள்.

வளை வளர்ந்தது. தவிட்டிக்கு இரண்டு குட்டிகள் பிறந்தன. கண் திறக்காத, கடலைப்பருப்பு நிறத்துக் குட்டிகள். பிரசவ நாளன்று குடையன் பின்பக்கம் ஒரு வழி தோண்டிவிட்டுப் போனான். தவிட்டியால் எழுந்து போய்ப் பார்க்க முடியவில்லை. 'நாளைக்கு நான் ஓடிப் பார்க்கிறேன்' என்று மணலி நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் உச்சி வெயிலில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தபோது, சரசரவென்று சத்தம் கேட்டது.

"அம்மா, சாரை!"

தவிட்டி ஒரு குட்டியைக் கவ்வினாள். மணலி மற்றதைக் கவ்வினாள். முன்வழியில் பாம்பின் மூச்சு சீறியது. மிச்சம் இருந்தது பின்வழி ஒன்றுதான். அவர்கள் இருவரும் இன்னும் ஓடிப் பார்க்காத வழி. தவிட்டி அம்மாவின் வாலோடு உரசியபடி ஓடி வந்தாள்.

கவை வந்தது. வாயில் குட்டி இருந்ததால் மணலியால் கத்திக் கேட்கவும் முடியாது, வாய்விட்டு வேண்டவும் முடியாது. 'மண்ணுத் தாயே' என்று மனதுக்குள் சொன்னாள். கண்ணை மூடினாள். வலப்பக்கம் திரும்பினாள்.

இன்னொரு கவை. வலம்.

மூக்கில் மண் இடித்தது. பொலபொலவென்று உதிர்ந்தது. வானம்.

அவள் அதுவரை பார்த்தேயிராத ஒரு ஆவாரம் புதருக்கடியில் வெளியே வந்திருந்தாள். இடம்தான் புதிது, வந்த வழி பழையது. வாயில் அதே கனம், அதே பால் வாசனை. அன்றைக்கு வாயில் இருந்தவள் இன்றைக்கு இன்னொரு குட்டியோடு பின்னாலேயே வந்து நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் போய் ஒளிந்தபிறகுதான் இருவரும் குட்டிகளைக் கீழே வைத்தார்கள். குட்டிகள் விழிக்கக்கூட இல்லை.

சாரை பசியோடு திரும்பிப் போனபிறகு குடையன் வந்தான்.

"அண்ணே, நேத்துத் தோண்டுன வழியை நீ ஓடிப் பார்த்தியா?" என்று தவிட்டி கேட்டாள்.

"நேத்தா? நேத்து நான் இங்கே வந்தேனா?" என்று குடையன் விழித்தான்.

மணலி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் மூக்கின் மேல், ஆவாரம் புதருக்கடியில் மட்டுமே இருக்கும் செம்மண், வாசலை முட்டி ஓடிப் பார்த்ததற்கு அடையாளமாகக் காய்ந்துபோய் ஒட்டியிருந்தது. அதைத் தன் முன்னங்காலால் மெதுவாகத் துடைத்துவிட்டாள்.

"வந்தே அப்பு," என்றாள். "நல்லாவே வந்தே."

நீதி: எவ்வளவு கெட்டிக்கார உதவியாளர் கிடைத்தாலும், அது மண் தோண்டும் பெருச்சாளியானாலும் சரி, கணினிக்கு நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவானாலும் சரி, நம் வீட்டு வழக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லி, ஏன் என்பதையும் சொல்லி, ஒரு மாதிரியைக் கண்ணில் காட்டி, செய்ததை ஓடிப் பார்க்கவும் வைத்தால்தான், இருட்டில் நம் பிள்ளைகளுக்கு வழி கிடைக்கும்.