பூட்டிய பெட்டியும் புளியங்கரியும்

காலை மடக்கி உட்காருங்கள், கதை நடந்து வர வழி வேண்டும். சின்னவர்கள் முன்னால் வாருங்கள், பெரியவர்கள் பின்னால் போங்கள். பாக்கு மெல்லுகிறவர்கள் சத்தம் வராமல் மெல்லுங்கள்.

மயிலுக்குத் தோகை முளைத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்த அந்தக் காலத்தில், ஆலங்கரை என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊருக்கு ஓர் அரசர். பொற்குடையார் என்று பேர். பேரில் இருந்த பொன் குடையில் கிடையாது, அது சாதாரண ஓலைக்குடைதான். ஆனால் மனிதர் நல்லவர், கொடுப்பதில் ஆசை உள்ளவர். கொடுக்கிற பொருள் எப்படிப்பட்டது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஆலங்கரைக் கோயில் தேருக்கு வருஷா வருஷம் புதுச் சீலை கட்டுவார்கள். சீலை என்றால் பெரிய துணி, நடுவில் சாமி படம், நாலு பக்கமும் கரை. நடுவில் இருக்கும் சாமி மாறாது. கரை மட்டும் ஒரு வருஷம் வந்தது இன்னொரு வருஷம் வரக்கூடாது. அதுதான் அந்த ஊர் வழக்கம்.

கொடியேற்றத்தன்று பழைய சீலைகளை எல்லாம் மண்டபத் தூண்களில் கட்டிவிடுவார்கள். சித்திரக்காரர் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து, புளியங்குச்சியைச் சுட்டு எடுத்த கரியால் புதுக்கரையை ஒரு முழம் வரைந்து காட்ட வேண்டும். முரசு மூன்று தரம் முழங்கும். மூன்றாம் முரசுக்குள் கோடு விழாவிட்டாலும் சரி, விழுந்த கோட்டைப் பார்த்து யாராவது ஒருவர் தூணைக் காட்டி "இது அங்கே இருக்கு" என்று சொல்லிவிட்டாலும் சரி, சித்திரக்காரர் தூரிகையைக் கீழே வைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அவர் குடும்பம் இன்னொருவர் சீலையை ஊறவைக்கக் கடுக்காய் இடித்துக் கொடுக்கலாம், வண்ணம் கரைத்துக் கொடுக்கலாம், கோடு மட்டும் போட முடியாது. அப்படி வைத்தவர் வீட்டு உலக்கைச் சத்தம் சித்திரக்காரர் தெருவில் இன்னமும் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தத் தெருவில்தான் சேந்தன் இருந்தான். ஊரின் சித்திரக்காரன் அவன். அவன் மனைவி நங்கை. அவன் கோடு போடுவான், அவள் வண்ணம் காய்ச்சுவாள், இரண்டு பேருமாகக் கஞ்சி குடிப்பார்கள்.

சேந்தனுக்கு ஒரு பழக்கம். நடக்கும்போது குனிந்தே நடப்பான். வழியில் கிடப்பதை எடுப்பான், உட்கார்ந்து பார்ப்பான், மண்ணிலேயே கரியால் வரைந்து பார்ப்பான், வரைந்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு வந்துவிடுவான். இப்படித்தான் முதல் வருஷம் ஒரு வேப்பிலையின் பல் விளிம்பு சீலைக்கு வந்தது. இரண்டாம் வருஷம் வேலியில் பாம்பு கழற்றிப்போட்ட சட்டை சீலைக்கு வந்தது. மூன்றாம் வருஷம் ஒரு மீன்கொத்தி இறகு வந்தது. மூன்று வருஷமும் ஊர் வாயைப் பிளந்தது.

மூன்றாம் வருஷம் அரசர் மகிழ்ந்து போய் ஒரு பெட்டி கொடுத்தார். பெரிய பெட்டி. மேலே பித்தளைப் பூ, பக்கத்தில் பித்தளை யானை, முன்னால் பித்தளைப் பூட்டு. பித்தளைக்கு அடியில் இருந்தது வெறும் மாம்பலகை. அரண்மனைக் கொடை சில சமயம் அப்படித்தான் இருக்கும், கேட்க முடியாது.

"வழியில கெடைக்கிறதை எல்லாம் இனிமே இதுல பத்திரமா வை, சேந்தா" என்று சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்தார் அரசர்.

சேந்தன் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டான். அன்றிலிருந்து சனி பிடித்தது என்று சொல்லலாம், ஆனால் பாவம், சனி என்ன செய்யும், பெட்டிதான் பிடித்தது.

அடுத்த வாரம் அவனுக்கு ஓர் அரச இலை கிடைத்தது. குளத்துத் தண்ணீரில் ஊறி, சதையெல்லாம் போய், நரம்பு மட்டும் மிஞ்சிய இலை. பிடித்துப் பார்த்தால் அந்தப் பக்கம் இருக்கிற ஆள் தெரிவான். நங்கைக்கே ஆசை வந்துவிட்டது. வரைந்து பார்க்கச் சொன்னாள்.

"முதல்ல பெட்டிக்குள்ள போகட்டும். வரையறது எங்கே ஓடிப்போகுது?" என்றான் சேந்தன். பூட்டினான்.

அப்புறம் ஒரு தூக்கணாங்குருவிக் கூடு கிடைத்தது. குஞ்சு பறந்த கூடு, காற்றுக்கு அறுந்து விழுந்தது. ஒரு புல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியாத பின்னல். நங்கை மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். முதலில் பெட்டிக்குள் போகட்டும் என்றான். பூட்டினான்.

அப்புறம் ஒரு மரப்பட்டை. அதில் பச்சையும் சாம்பலுமாகப் பாசி வட்டம் வட்டமாகப் பூத்திருந்தது. இந்தத் தரம் நங்கை எதுவும் சொல்லவில்லை. அவன்தான் தானாகவே, "வரையறது எங்கே ஓடிப்போகுது" என்று சொல்லிக்கொண்டு பூட்டினான்.

பிறகு கணக்கே இல்லை. நெற்று, சருகு, இறகு, பனம்பூ, பீர்க்கங்கொடிச் சுருள். முன்பெல்லாம் கையில் பிடித்துக்கொண்டு வருவான், இப்போது யாரும் பார்த்துவிடக் கூடாது என்று துண்டால் மூடிக்கொண்டு வந்தான். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னாலேயே பெட்டி நிறைந்துவிட்டது. மூடியின் மேல் ஏறி உட்கார்ந்து அமுக்கிப் பூட்டினான். கொடியேற்றம் வரைக்கும் திறப்பதில்லை என்று மனைவியிடம் சத்தியமே செய்தான். அவள் அப்படி ஒரு சத்தியத்தைக் கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு அவன் குனிந்து நடப்பதையும் விட்டுவிட்டான். பெட்டி நிறைந்தவன் எதற்குக் குனிய வேண்டும்? மழை பெய்து கூரை ஒழுகியபோது சுவரில் தண்ணீர் இறங்கி நூறு கிளையாகப் பிரிந்தது. நங்கை கூப்பிட்டுக் காட்டினாள். தன் பெட்டியில் இல்லாததா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஒழுகிய தண்ணீர் அந்தப் பெட்டி இருந்த மூலைக்குத்தான் போனது என்பதை அவன் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. ஆனால் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள். அவர்கள் யார் என்று இப்போது சொல்ல மாட்டேன்.

ஊரில் பெட்டியைப் பற்றிய பேச்சு வளர்ந்தது. பெட்டிக்குள் பொன்னிறகு இருக்கிறது என்றார்கள். தேவலோகத்து மலர் இருக்கிறது என்றார்கள். சேந்தன் மறுக்கவில்லை, புன்னகை செய்தான். அதுதான் இன்னும் மோசம். பேச்சு அரண்மனைக்குப் போனது. அரசர் பக்கத்து நாட்டு அரசரை வரவழைத்து, கொடியேற்றத்தன்று பெட்டியை மண்டபத்தில் வைத்தே திறக்க வேண்டும், அதிலிருந்து ஒன்றை எடுத்து அங்கேயே கரை எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

கொடியேற்ற நாள் வந்தது. பெட்டியைத் தூக்க நாலு பேர் வந்தார்கள். ஒரே ஆள் தூக்கிவிட்டார்.

"என்னங்க, காத்தாட்டம் இருக்கு" என்றாள் நங்கை.

"நல்ல சரக்கு கனக்காது" என்றான் சேந்தன்.

மண்டபம் நிறைந்து வழிந்தது. தூண்தோறும் பழைய சீலை. நடுவில் புதுச் சீலை, கடுக்காயும் பாலும் ஊறிக் காய்ந்து, வெளுப்பாக விரிந்து கிடந்தது. இரண்டு அரசர்களும் முன்வரிசையில் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். சேந்தன் அரைஞாணிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து, மூடியைத் தூக்கினான்.

முதல் முரசு முழங்கியது.

பெட்டியின் அடியில் கொஞ்சம் மண் இருந்தது. வெறும் மண். அதன் மேல் நாலைந்து கறையான்கள் வெளிச்சம் பட்டதும் ஓடிப் பதுங்கின. அரச இலை இல்லை, குருவிக்கூடு இல்லை, மரப்பட்டை இல்லை. ஈரம் கண்ட மூலையில் மாம்பலகை வழியாக ஏறி, உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அவர்கள் யார் என்று கேட்டீர்களே, இவர்கள்தான்.

சேந்தன் இரண்டு கையாலும் மண்ணை அள்ளினான், தேடினான், மறுபடியும் அள்ளினான். அந்த இலையின் நரம்பை நினைத்துப் பார்த்தான், ஞாபகம் வரவில்லை. கூட்டின் பின்னலை நினைத்துப் பார்த்தான், அதுவும் வரவில்லை. எப்படி வரும், அவன் எதையும் பார்த்ததே இல்லையே, பூட்டியதுதானே உண்டு. பின்னால் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது.

இரண்டாம் முரசு முழங்கியது.

சேந்தனுக்கு உலக்கைச் சத்தம் காதில் கேட்டது. நாளை முதல் அவன் வீட்டிலும் அந்தச் சத்தம்தான். அவன் கையால் இனி ஒரு கோடு போட முடியாது. தோற்றேன் என்று தூரிகையைக் கீழே வைக்கக் குனிந்தவன், அப்படியே பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

தரையில் உட்கார்ந்தவனுக்கு நேராகத் திறந்த மூடி நின்றது. மூடியின் உள்பக்கம். அங்கே கறையான் ஏறிப்போன வழி, மண் கோடாக ஒட்டியிருந்தது. ஒரு கோடு கீழேயிருந்து புறப்பட்டது. நடுவில் இரண்டாகப் பிரிந்தது. பிரிந்தவை வளைந்து போய், ஒன்றையொன்று தேடி வந்து, மறுபடி சேர்ந்தன. சேர்ந்த இடத்தில் ஒரு சின்ன மண் மொட்டு. அங்கிருந்து மறுபடி புறப்பாடு.

வெகு நாளைக்குப் பிறகு சேந்தன் பார்த்தான். முரசு மறந்தது, சிரிப்பு மறந்தது, பெட்டியும் மறந்தது. நங்கை மட்டும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, புளியங்கரியை அவன் கையில் வைத்தாள்.

அவன் வரைந்தான். புறப்பட்டு, பிரிந்து, சேர்ந்து, மொட்டு. புறப்பட்டு, பிரிந்து, சேர்ந்து, மொட்டு. ஒரு முழம் கேட்ட இடத்தில் இரண்டு முழம் ஓடிவிட்டது. கரியைச் சீலையிலிருந்து எடுத்தபோதுதான் மூன்றாம் முரசு முழங்கியது.

ஊர் எழுந்து தூண் தூணாகச் சுற்றியது. கிட்டப் போய்ப் பார்த்தார்கள், தள்ளி நின்று பார்த்தார்கள், குறை சொல்லியே பழகியவர்கள் இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றினார்கள். ஒருவராலும் ஒரு தூணையும் காட்ட முடியவில்லை.

பக்கத்து நாட்டு அரசர் வியந்து போய், இப்படி ஒரு கரையை எதைப் பார்த்து எழுதினாய் என்று கேட்டார். சேந்தன் நம் அரசரைப் பார்த்தான். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"கறையான் போட்ட கோடு, மகாராசா. நீங்க குடுத்த பெட்டியைத் தின்னுட்டுப் போட்டது" என்றான்.

பொற்குடையார் மூடியைப் பார்த்தார், மாம்பலகையைப் பார்த்தார், விருந்தாளியைப் பார்த்தார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டு, "பார்த்தீரா, நான் குடுத்தது எதுவும் வீண் போகாது" என்றார். அவர் அரசர் ஆனது சும்மா இல்லை.

அந்த வருஷம் தேர் கறையான் கரை கட்டித்தான் வீதி சுற்றியது. பெட்டியில் மிச்சம் இருந்த பலகையை உடைத்து நங்கை வண்ணம் காய்ச்ச அடுப்பில் வைத்தாள். பித்தளை யானையை மட்டும் கழற்றி, எண்ணெய்க் கிண்ணத்துக்கு மூடியாக வைத்துக்கொண்டாள்.

தேர் நிலைக்கு வந்த மறுநாள் சேந்தன் குளக்கரையில் குனிந்து நடந்து போனான். தண்ணீர் ஓரத்தில், நரம்பு மட்டும் மிஞ்சிய அரச இலை ஒன்று கிடந்தது. எடுத்தான். பழக்க தோஷம், கை அரைஞாணுக்குப் போனது. அங்கே சாவி இல்லை, ஒரு துண்டுக் கரிதான் முடிந்திருந்தது. அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஈர மண்ணில் உட்கார்ந்தான், பொழுது சாய்கிற வரை வரைந்தான், இலையை எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான்.

கதை வீட்டுக்குப் போய்விட்டது, நீங்களும் போகலாம், போகிற வழியில் கொஞ்சம் குனிந்து பார்த்துக்கொண்டு போங்கள். இதனால் நாம் அறிவது: இயற்கை தருவது நின்று பார்ப்பவனுக்குக் கலையாகும், பூட்டி வைப்பவனுக்கு மண்ணாகத்தான் போகும்.