ஆரஞ்சு விளக்கு எரியும் நேரம்

தாட்சாயணியை அந்த அலுவலகத்தில் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அருளப்பனும் அப்படித்தான் கூப்பிட்டார், அவளைவிடப் பத்து வயது மூத்தவராக இருந்தும். அவள் அவரை அண்ணா என்பாள். பாதி ஆயுளை வீடுகளுக்கு வயரிங் செய்வதில் கழித்துவிட்டு நெட்வொர்க் தொழிலுக்கு வந்தவர் அவர். வந்த அன்றே அவளிடம், "எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க டீச்சர். முதல்ல இருந்து சொல்லிக் குடுங்க" என்று கேட்டார். அந்த வயதில் அப்படிக் கேட்க எத்தனை பேருக்கு மனசு வரும்? அதனாலேயே அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

இப்போது அவர் முதன்முதலாகத் தனியாக ஒரு நெட்வொர்க்கை வரைந்திருந்தார். கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு மருத்துவமனையையும் அதன் கிளைகளையும் ஒன்றாக இணைக்கும் வேலை. கடைசிக் கிளை வால்பாறை மலைமேல். அங்கே பிரசவம் பார்க்க நர்ஸுகள் உண்டு, குழந்தைகள் டாக்டர் கிடையாது. கீழே இருக்கும் டாக்டர் கேமரா வழியாகப் பார்த்துச் சொல்லச் சொல்ல, மேலே நர்ஸ் செய்வாள். இது மட்டும் ஓடத் தொடங்கிவிட்டால், வலி எடுத்த பெண்கள் அத்தனை கொண்டை ஊசி வளைவும் உருண்டு இறங்கி வர வேண்டாம். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாயிற்று.

கம்பி இழுக்கும் முன் முழு நெட்வொர்க்கையும் கணினிக்குள்ளேயே கட்டி ஓடவிட்டுப் பார்ப்பதுதான் சிமுலேஷன். அருளப்பன் அதையும் முடித்திருந்தார். திரையில் எல்லாக் கிளைகளிலும் பச்சை விளக்கு எரிந்தது. பார்க்கவே மனசு நிறைந்தது அவருக்கு.

"முடிச்சுட்டனுங்க டீச்சர். நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா திங்கக்கிழமையே வேலைய ஆரம்பிச்சரலாம்."

தாட்சாயணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மலைக்குப் போற லைன் அறுந்தா?"

"ரெண்டாவது லைன் இருக்குதுங்க. அதுவா மாறிக்கும்."

"எவ்வளவு நேரத்துல?"

"உடனேங்க."

"அறுத்துக் காட்டுங்க."

அறுத்தார். இரண்டாவது லைனில், இன்னும் தயாராகவில்லை என்று காட்டும் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. அது எரிந்ததா என்று கேட்பதற்குள் பச்சையாகிவிட்டது.

"இன்னொரு தடவை."

மறுபடியும் பச்சை. அருளப்பனின் முகத்தில் பெருமை தெரிந்தது.

"இன்னும் ஒரே தடவை அண்ணா."

இந்த முறை அவள் திரையைப் பார்க்கவில்லை. அவருடைய வலது கையைப் பார்த்தாள். லைனை அறுத்த கை, அதே வேகத்தில் மௌஸைக் கீழே நகர்த்தி, திரையின் ஓரத்திலிருந்த ஒரு சின்னப் பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பியது. சிமுலேஷனுக்குள் ஓடும் நேரத்தை முன்னே தள்ளிவிடும் பொத்தான் அது. ஆரஞ்சு பச்சையாகும்வரை கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க இந்தத் தொழிலில் யாருக்கும் பொறுமை கிடையாது. பயிற்சி வகுப்பில் சேர்ந்த வாரத்திலேயே கை அதற்குப் பழகிவிடும். அழுத்துகிறோம் என்பதே அப்புறம் தெரியாது.

"அந்தப் பட்டனைத் தொடாம என்னிக்காவது பார்த்திருக்கீங்களா?"

அருளப்பன் யோசித்தார். "இல்லீங்க" என்றார். பிறகு கொஞ்சம் ரோஷத்துடன், "எல்லாரும் அழுத்தறதுதானுங்க டீச்சர். மிஞ்சிப் போனா ஒரு நிமிஷம். ஆஸ்பத்திரிக்காரங்களே ஒரு நிமிஷம்னா பரவாயில்லைன்னுட்டாங்க."

அவள் கோபிக்கவில்லை. மௌஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மூச்சை வெளிய விடுங்க."

"என்னங்க?"

"முழுசா வெளிய விட்டுட்டு அப்படியே இருங்க. இந்த விளக்கு பச்சையானதும் இழுத்துக்கலாம்."

அருளப்பனுக்குச் சிரிப்பு வந்தது. "பவானி ஆத்துல முங்கு நீச்சல் அடிச்சு வளர்ந்தவனுங்க நான். நல்லா ஒரு மூச்சு இழுத்துட்டு…"

"இழுக்கக் கூடாது. அங்க பிறந்திருக்கற குழந்தை இன்னும் ஒரு மூச்சுகூட இழுக்கலை."

சிரிப்பு நின்றுவிட்டது.

"அழவும் இல்லை. நர்ஸ் கையில இருக்கு. டாக்டர் கீழ இருந்து சொல்லிட்டிருக்கார், அவ செஞ்சுட்டிருக்கா. பாதிப் பேச்சுல லைன் அறுந்து போச்சு."

அருளப்பன் மூச்சை விட்டார். அவள் லைனை அறுத்தாள்.

ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நெஞ்சுக்குள் லேசாக ஓர் அழுத்தம். அந்த விளக்கை அவர் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இன்னும் எவ்வளவு நேரம் என்று அதைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. மலைமேல் இருக்கும் நர்ஸை நினைத்துக்கொண்டார். அவள் எதிரே டாக்டரின் முகம் வாய் திறந்தபடி உறைந்திருக்கும். கையை என்ன செய்வாள் அவள்?

காது அடைத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அவருடைய வலது கை மேஜைமேல் மௌஸைத் தேடித் தடவியது. அங்கே ஒன்றும் இல்லை.

தோள் இரண்டும் தூக்கிப்போட, ஹா என்ற சத்தத்தோடு காற்றை உள்ளே இழுத்தார். இருமினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

விளக்கு இன்னும் ஆரஞ்சாகவே எரிந்தது.

தாட்சாயணி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் பார்த்தார். இருமல் அடங்கி, மூச்சு ஒரு நிலைக்கு வந்து, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் அது பச்சையாயிற்று.

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"விழாவைத் தள்ளி வெக்கச் சொல்லிடறனுங்க டீச்சர். கத்துவாங்க, கத்தட்டும். அறுந்தப்புறம் மாத்தறது ஆகாதுங்க. மலைக்கு ரெண்டு லைனும் எந்நேரமும் சேர்ந்தே ஓடோணும். முதல்ல இருந்து வரையறேன்."

அவள் தலையாட்டினாள்.

அவர் தலையைக் குனிந்தபடி சொன்னார். "ஆனா தோத்துட்டனுங்க. பச்சை வர்ற வரைக்கும் இருக்க முடியலை. நடுவுலயே மூச்சை இழுத்துட்டேன்."

தாட்சாயணி மௌஸை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"உங்களால இழுக்க முடிஞ்சுது அண்ணா."